ஓட்டி சாப்பிடும் நேரம்

1

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற இளைஞர் கேட்டார். என் கையில் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டையும் இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்விக்குக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை தூக்கக் கலக்கத்தில் உண்மையே வாயில் வந்துவிட்டது.

"எங்கப்பாவோட நாயைப் பாத்துக்க வந்திருக்கேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பாவையா, நாயையா?"

"நாயைத்தான். அப்பாவைப் பாத்துக்கத் தம்பி இருக்கான்."

முத்திரையைக் குத்திவிட்டு, "நல்லா பாத்துக்குங்க மேடம்" என்றார். கிண்டலா, மரியாதையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதை எழுதுகிற இப்போது மெல்போர்னில், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். காலடியில் இரண்டு பூனைகள் படுத்திருக்கின்றன. இரண்டும் என்னுடையவை இல்லை. இந்த மேசையும், காபிக் கோப்பையும், சன்னலுக்கு வெளியே நிற்கிற எலுமிச்சை மரமும்கூட என்னுடையவை இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் வீடும் நாயும் பார்த்துக் கொடுக்கிறவள் சொந்த அப்பாவின் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போய் அவமானப்பட்டுத் திரும்பிய கதையைத்தான் எழுதப்போகிறேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு என் வேலையைப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். இங்கே ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போகிறது என்றால், வளர்க்கிற பிராணியைப் பார்த்துக்கொள்ள ஆளை வரவழைப்பார்கள். அந்த ஆள் அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், நாயை நடக்கக் கூட்டிப்போக வேண்டும், அது சாப்பிட்டதைப் படம் எடுத்துத் தினமும் அனுப்ப வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் என் வேலை போன பிறகு, ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் கணவர் இதற்கு வைத்த பெயர் வாட்ச்மேன் உத்தியோகம். பதினேழு வயது மகன் அகில், "அம்மா இந்த வாரம் யார் வீட்டுல இருக்காங்க?" என்று அவரிடம் கேட்பான். அப்படிக் கேட்கிற தமிழாவது அவனிடம் மிச்சம் இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

சும்மா யாரையும் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். போலீஸ் சான்றிதழ் வேண்டும், பழைய வாடிக்கையாளர்களின் பரிந்துரை வேண்டும். மார்கரெட் என்றொரு கிழவி, தன் நாய்க்குப் பதினோரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் கப்பல் பயணம் போனாள். அதில் அதன் மாத்திரை, அதற்குப் பிடித்த பாட்டு, இடி இடித்தால் அதை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. படித்தபோது சிரித்தேன். என் பிள்ளையைப் பற்றி எனக்குப் பதினோரு பக்கம் எழுத வருமா என்று யோசித்ததும் சிரிப்பு போய்விட்டது.

இந்தத் தொழிலில் முதல் விதி ஒன்று உண்டு. பொறுப்பேற்ற பிராணியைத் தனியாக விடக்கூடாது. கடைக்குப் போனாலும் ஓடி வந்துவிட வேண்டும். ஆறு வருடத்தில் இந்த விதியை நான் மீறியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. பின்னால் என் காலை வாரிவிட்டதும் அந்தத் திமிர்தான்.

3

உண்மையில் இந்தத் தொழிலை நான் கற்றது நெய்வேலியில்தான். டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்தில், அதாவது எங்கள் பிளாக்கில், யாருக்கும் அது சொந்த ஊர் கிடையாது. திருநெல்வேலி, மதுரை, பாலக்காடு, நெல்லூர் என்று எங்கிருந்தோ வந்த குடும்பங்கள். மே மாதம் வந்தால் எல்லாரும் லீவு போட்டுவிட்டு அவரவர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். எங்களுக்கு ஊர் பக்கத்திலேயே, விழுப்புரம் பக்கம். அதனால் நாங்கள் எங்கேயும் போகமாட்டோம். எங்கள் சமையலறை ஆணியில் ஐந்து வீட்டுச் சாவி தொங்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து வீட்டிலும் முன்பக்க விளக்கைப் போடுவதும் காலையில் அணைப்பதும் என் வேலை. கனகாம்பரத்துக்குத் தண்ணீர், பாலக்காட்டு மாமி வீட்டுக் கிளிக்கு மிளகாய்ப் பழம். எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு என்பதால் இருட்டில்கூடச் சுவிட்சு எங்கே என்று என் கைக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே வேறு யாரோ குடியிருப்பது மாதிரி இருக்கும். காலண்டரும் வாசனையும் மட்டும் மாறும்.

எங்கள் வீடும் எங்களுடையது இல்லை. அப்பா அனல்மின் நிலையத்தில் பெர்மனன்ட் ஆபரேட்டர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். முப்பத்து மூன்று வருடம் குடியிருந்துவிட்டு, சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சம்பாத்தியம் எல்லாவற்றையும் போட்டு டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து என்கிற ஊரில் ஒரு சின்ன வீடு கட்டினார். அம்மாவுக்கு அந்த வீட்டில் ஒன்பது வருடம்தான் வாய்த்தது.

அம்மாவிடம் ஒரு பழக்கம். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும், "எத்தினி மணிக்கு வருவே?" என்று கேட்பாள். அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் கேட்பாள். அவர் வருவது இரண்டேகாலுக்கு என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் கேட்பாள். அவர் இரண்டேகால் என்று சொன்னால்தான் அவளுக்கு உலை வைக்க வரும். அவர் வரும்வரை அவள் சாப்பிட மாட்டாள். நான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய அன்றும், இவ்வளவு பெரிய பெட்டியைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றேன். இருபது வருடம் போனில் அதே கேள்வி, அதே பதில். அவள் செத்தபோது நான் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

4

இந்த வருடம் அப்பாவுக்குக் குடலிறக்கம் என்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சென்னையில் இருக்கும் தம்பி குமரன் லீவு போட்டுக்கொண்டு வந்தான். அப்பாவோ கட்டிலை விட்டு இறங்க மறுத்துவிட்டார். என்னைப் பாக்க ஆள் இருக்கு, ஓட்டியைப் பாக்க யாரு இருக்கா என்பதுதான் அவர் வாதம்.

ஓட்டி அவருடைய நாய். பழுப்பு நிறம், பன்னிரண்டு வயது, ஒரு காது மடங்கியிருக்கும். சர்வீஸின் கடைசி வருடத்தில் ஓவர்டைம் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் கிடைத்த குட்டி. ஓவர்டைமை எங்கள் ஊரில் ஓட்டி என்போம். அதையே பெயராக வைத்துவிட்டார்.

குமரன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, நீதான் இதுல எக்ஸ்பர்ட். ரெண்டு வாரம் வா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். "ஆபரேஷன் முடிஞ்சதும் அப்பாவ நான் சென்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிடறேன். தனியா இனிமே சரிப்படாது. எங்க ஃப்ளாட்டுல நாய் வளக்க விடமாட்டாங்க. அதுக்கு ஒரு நல்ல இடமா நீயே பாத்து வெச்சிடு. அப்பாகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாத."

நான் சரி என்றேன். எழுபத்தோரு வயது மனிதர் தனியாக இருக்கிறார், மகன் கூப்பிடுகிறான், இதில் தப்பு என்ன என்று நினைத்தேன். கிளம்புவதற்கு முன்பே நாய்களைத் தத்து எடுக்கிற இரண்டு மூன்று இடங்களை இணையத்தில் தேடியும் வைத்தேன். அவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டைப் பூட்டுவதற்கு ஏற்பாடு செய்தபடிதான் ஊருக்கு வந்து இறங்கினேன்.

வந்த மறுநாள் காலை அவரைக் காரில் ஏற்றினோம். ஓட்டியின் தலையைத் தடவிவிட்டு, என்னிடம் நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். பதினோரு பக்கம் படித்துப் பழகியவளுக்கு அதில் நாலே வரி.

"காஸ் மூடு. மோட்டார் ஆறு மணிக்கு. கொடியில் துணியை மழைக்கு முன் எடு. நாய் — வைத்தால் சாப்பிடும்."

"இவ்ளோதானாப்பா?"

"வேற என்னம்மா இருக்குது?" என்றார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் ஆபரேஷன் பயம் என்று நினைத்துவிட்டேன்.

5

வைத்தால் சாப்பிடவில்லை.

காலை எட்டு மணிக்குச் சோறும் தயிரும் வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் கோழி வேகவைத்துப் பிசைந்து வைத்தேன். ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டருகே போய்ப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் கடையில் வாங்கிய பாக்கெட் தீனி. எறும்புகளுக்குத்தான் விருந்து.

விதிப்படி நான் வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். தொழில் பழக்கத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. "குட் பாய், கம் ஆன்" என்று நான் கொஞ்சக் கொஞ்ச, வீட்டுக்குள் புகுந்த வெள்ளைக்காரியைப் பார்ப்பது மாதிரி அது என்னைப் பார்த்தது. தமிழுக்கு மாறினேன். அதிலும் பிரயோசனம் இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் மூன்று மணிக்கு ஒரே கேள்வி கேட்பார். "சாப்டுச்சா?"

"சாப்டுச்சுப்பா."

"நல்லா சாப்டுச்சா?"

"தட்டை நக்கிடுச்சுப்பா."

மூன்று நாள் பொய் சொன்னேன். அந்த மூன்று நாளும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார்கள். என் பொய் அவருக்குத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் ஓட்டியை ஆட்டோவில் தூக்கிப்போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. வயசான நாய். ஆளைத் தேடுது போல. ஆனா இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா தாங்காது" என்றார்.

அன்றைக்குத் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. ஊரான் வீட்டு நாயெல்லாம் என் கையில் கொழுத்தது. அப்பா நம்பி விட்டுப்போன ஒரே ஜீவன் என் கையில் சாகப்போகிறது. அது செத்தால் எந்த ஏற்பாடும் தேவைப்படாது என்று ஓரமாக ஒரு நினைப்பும் ஓடியது. அதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

6

நாலாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அல்போன்சா அக்கா வந்தார். தங்கை வீட்டு விசேஷத்துக்காக முத்தாண்டிக்குப்பம் போயிருந்தவர் அன்றுதான் திரும்பியிருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா இருந்தபோது இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகவே குழம்பு மாற்றிக்கொள்வார்கள்.

"இன்னா மலரு, மூஞ்சி செத்துப் போய்க் கெடக்குது?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ வூட்டுலயே ஒக்காந்துக்கினு இருந்தா அது எப்படிச் சாப்புடும்? டூட்டிக்குப் போய்ட்டு வந்தாத்தான சாப்புடும்?"

"யாரு டூட்டிக்கு?"

"உங்கப்பாதான். தெனம் காலைல அஞ்சரைக்கு டிபன் பாக்ஸைக் கேரியர்ல கட்டிக்கினு சைக்கிள் எடுத்துக்கினு கெளம்பிடுவாரு. ரெண்டேகாலுக்கு வருவாரு."

"அக்கா, அவர் ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு!"

"அது கம்பெனிக்கு. இவுரு போட்டுக்கினு இருக்கறது சொந்த ஷிப்டு." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கம்மா காரியம் முடிஞ்சி நீங்கல்லாம் கெளம்பிப் போனீங்களே, அப்போ இது இதே மாதிரிதான் கேட்டாண்ட கெடந்துது. பச்சைத் தண்ணி பல்லுல படல. அவரும் சாப்புடல. ஒருநாளு எதுக்கோ டவுன்ஷிப்பு போய்ட்டு மத்தியானமா வந்தாரு. அவரு சைக்கிள் மணி கேட்டதும் எழுந்திரிச்சிக் குதிச்சிது பாரு! ரிட்டயர் ஆன பொறவும் அவரு எங்கனா போய்ட்டு அந்த நேரத்துக்கு வந்தா உங்கம்மாதான கேட்டைத் தொறந்து வுடும்? அந்த நெனப்புதான். அவரு உள்ள போயி சோத்தப் போட, ரெண்டும் ஒண்ணா ஒக்காந்து சாப்டுச்சிங்க. மறுநாளுலேர்ந்து டூட்டிதான். அவரு நாய்க்காகப் போறாரா, நாய் அவருக்காகக் காத்துக்கினு கெடக்குதா, அது அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே அக்கா."

"எப்படிச் சொல்லுவாரு? பைத்தியம்னு சொல்லி இட்டுக்கினு போயிருவீங்கன்னு பயம்."

நாங்கள் போட்டிருந்த திட்டம் அதுதானே.

7

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் டூட்டிக்குக் கிளம்பினேன்.

டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு. அப்பாவின் சைக்கிளில் எனக்குக் கால் எட்டவில்லை, ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கப் பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். ஓட்டி கேட் வரைக்கும் வந்து நின்றது. அதனிடம் நானாக, "ரெண்டேகாலுக்கு வருவேன்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

அப்பா எங்கே போவார் என்று அல்போன்சா அக்கா சொல்லியிருந்தார். டவுன்ஷிப்பில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப். நாங்கள் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் முட்செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. பக்கத்தில் டீக்கடைக்காரர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார் பொண்ணுங்களா?" என்றார். "சார் இங்கதாங்க ஒக்காருவாரு. பேப்பர் படிப்பாரு. வாங்க சார் உள்ள ஒக்காருங்கன்னா, டூட்டில இருக்கேன்பாரு. ரெண்டு மணிக்கு ஷிப்டு பஸ்ஸுங்க வர ஆரம்பிச்சா எழுந்துக்குவாரு."

எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. ஒன்பது மணிக்கே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பதினொன்றுக்கு, போதும், போய்விடலாம் என்று எழுந்தேன். டூட்டியில் பாதியில் ஓடுவதா என்று ரோஷம் வந்து மறுபடி உட்கார்ந்தேன். பூட்டிய வீட்டைப் பார்த்தபடி இருந்தேன். தனியாகக் கிடக்கிற மனிதர், காத்திருக்க ஆள் வேண்டும் என்பதற்காக வீட்டை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார். வெயிலிலும் மழையிலும் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறார். வீட்டிலேயே இருப்பவனை யார் எதிர்பார்ப்பார்கள்? போனால்தான் வர முடியும். வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனால்தான் ஒருவர் காத்திருக்க முடியும். நான் போனேன், நேரம் மட்டும் சொல்லவே இல்லை. இது புரிய எனக்கு ஒரு நாயும் ஒரு பஸ் ஸ்டாப்பும் தேவைப்பட்டது.

இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் பஸ் போனது. சைக்கிளை எடுத்தேன். தெருமுனை திரும்பும்போதே கேட்டின் கம்பிகளுக்கு நடுவே மடங்கிய காது தெரிந்தது. மணியை அடித்தேன். நாலு நாள் பட்டினி கிடந்த நாய், எழுந்து நின்று, உடம்பு முழுக்க ஆடியது. என் துப்பட்டாவைப் பிடித்து உள்ளே இழுத்தது. அப்பாவுக்கு என்ன செய்யுமோ அதையே எனக்கும் செய்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதன் அலுமினியத் தட்டில் சோற்றைப் போட்டு, எனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டேன். நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் அது வாய் வைத்தது. கண்ணீரும் சோறுமாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

"சாப்டுச்சா?"

"சாப்டுச்சுப்பா."

"எத்தினி மணிக்கு?"

"ரெண்டு இருவதுக்கு."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டிபன் பாக்ஸ் மூடி லூசா இருக்கும். கேரியர்ல கட்டும்போது பாத்துக் கட்டு" என்றார்.

மறுநாள் காலை பிரஷர் இறங்கிவிட்டது என்று குமரன் போன் செய்தான். அன்றைக்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

8

அதன் பிறகு ஆறு நாளும் நான் டூட்டிக்குப் போனேன். ஒருநாளும் தாமதமாக வரவில்லை. கடைசியில் குமரனிடம் போனில் பேசினேன்.

"நாய்க்கு இடம் பாத்துட்டியாக்கா?"

"பாத்துட்டேன். அது இருக்கற இடம்தான்."

அவனுக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன, நீ பிளேன் ஏறிப் போயிடுவ. ராத்திரி ஒண்ணுன்னா நான்தான் ஓடணும்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அப்பாவின் டூட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அல்போன்சா அக்கா கண்டதையும் சொல்லும். அப்பா தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டாரு, அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்றான்.

"உன் ஃப்ளாட்டுல நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவீங்க. அவர் காலைலேருந்து உள்ளயே இருப்பாரு. அங்க அவர் எங்கடா போயிட்டு வருவாரு? யார் பாத்துக்கிட்டு நிப்பாங்க?"

அவன் போனை வைத்துவிட்டான்.

9

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவருகிற நாள். பன்னிரண்டு மணிக்கே வந்துவிடுவோம் என்றான் குமரன். அன்று நான் டூட்டிக்குப் போகவில்லை. சோறு, கீரை, ஆபரேஷன் ஆன உடம்புக்குக் காரமில்லாத ரசம். இரண்டு மணி ஆகிவிட்டது. ஓட்டி தானாக எழுந்து கேட்டருகே போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது குமரனின் போன் வந்தது. எரிச்சலில் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, தெரு முனையிலதான் கார் நிக்குது. அரை மணி நேரமா அப்பா வீட்டுக்குப் போக விடமாட்டேங்கறாரு. கேட்டா மணிக்கட்டைப் பாக்கறாரு. வலிக்குதான்னா இல்லங்கறாரு. என்னன்னு சொல்ல மாட்டேங்கறாரு. நீ கொஞ்சம் பேசேன்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் எட்டு நிமிஷம் இருக்குடா. இரு" என்றேன்.

"சரிக்கா" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

சரியாக இரண்டேகாலுக்குக் கார் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்து குமரன் அவர் கையைப் பிடித்தான். ஓட்டி குதித்த குதிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்று நான் கத்தினேன். அப்பா காதிலேயே வாங்கவில்லை. நான் கேட்டைத் திறந்துவிட்டேன். அந்த வீட்டில் அவருக்கு ஒரு மனுஷி கேட்டைத் திறந்துவிட்டு இரண்டு வருடம் ஆகிறது.

தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஓட்டி அவர் காலடியில் தட்டைக் காலி செய்தது. குமரன் சுவரோரம் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் சாப்பிடவில்லை. கடைசியில், "சைக்கிள் ரெண்டு மாசத்துக்குத் தொடக்கூடாதுப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சென்னையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"லைட் டூட்டி போட்டுக்கறேன்" என்றார் அப்பா. உடம்பு முடியாமல் திரும்பி வருகிற தொழிலாளிக்குக் கொஞ்ச நாள் கொடுக்கிற சுலபமான வேலை அது. "அல்போன்சா வூட்டு வரைக்கும் போய்ட்டு வரேன். போதும்."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்து சாய்ந்து நடந்துவந்து வாசற்படியில் நின்றார். சொல்ல எதையோ வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. பெட்டியைப் பார்த்தார், ஓட்டியைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் கேட்காத, அம்மா மட்டுமே கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எத்தினி மணிக்கும்மா வருவே?"

பாக்கலாம்ப்பா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். போனில் நாள்காட்டியைத் திறந்தேன். அகிலின் பள்ளி விடுமுறையைப் பார்த்தேன், விமானங்களைப் பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார்.

"பொங்கலுக்கு மொத நாள்ப்பா. மத்தியானம் ரெண்டேகாலுக்கு. அகிலும் வருவான்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சமையலறை ஆணியில் நான் குத்தி வைத்திருந்த அந்த நாள்காட்டித் தாளைக் கழற்றினார். காஸ், மோட்டார், கொடித் துணி, நாய் என்று நாலு வரி. அதற்குக் கீழே, நிதானமாக ஐந்தாவது வரியை எழுதினார்.

"மலர் — 2.15."

மறுபடி ஆணியில் குத்திவிட்டு, எட்ட நின்று ஒருதடவை படித்துப் பார்த்தார்.

"சரி, லேட் பண்ணாத. சோறு ஆறிடும்" என்றார்.